கார் சீட்டை எவ்வளவு சாய்க்கலாம்?

அப்பா ஓட்டி நிறுத்திய காரில் அம்மா ஏறுகிறார். சாவியைத் திருப்புவதற்கு முன், சீட்டின் ஓரத்தில் கையை விட்டு ஒரு லீவரைத் தூக்குகிறார். 'டக்!' சீட்டின் முதுகு நிமிர்கிறது. இந்தச் சத்தத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள், செல்லங்களே. சீட் மடங்கும் இடத்தில் சிறுசிறு பற்கள் இருக்கின்றன. லீவரைத் தூக்கினால் அவை விலகும். விட்டதும் சுருள்வில் அவற்றைத் திரும்பக் கவ்வவைக்கும். அந்தச் சத்தம்தான் அது.

சீட்டின் சாய்வுக்கும் நம் முதுகுக்கும் தொடர்பு உண்டு. நம் முதுகெலும்பில் எலும்புகளுக்கு நடுவே 23 மெத்தைகள் உண்டு. வட்டு என்பார்கள். முதுகுக்குத் தாங்கல் இல்லாமல் உட்கார்ந்தால் தலை, கை, மார்பு எல்லாவற்றின் எடையும் இடுப்பு வட்டுகள் மேல்தான் இறங்கும். ஸ்வீடன் நாட்டு எலும்பு மருத்துவர் ஆல்ஃப் நாகெம்சன் 1960களில் வட்டுக்குள் ஊசி செலுத்தி இந்த அழுத்தத்தை அளந்தார். நிற்பவரைவிட அப்படி உட்கார்ந்திருப்பவருக்கு அழுத்தம் அதிகம் என்று தெரிந்தது! ஆச்சரியமாக இல்லையா? பின்னால் சாய்ந்தாலோ எடையில் ஒரு பங்கைச் சீட்டின் முதுகு வாங்கிக்கொள்கிறது. வட்டுக்குச் சுமை குறைகிறது.

அப்படியென்றால் படுத்துக்கொண்டே ஓட்டலாமே என்கிறீர்களா? வீட்டு நாற்காலியில் நன்றாகச் சரிந்து உட்கார்ந்து, எதிர்ச் சுவரில் தொங்கும் காலண்டரைப் பாருங்கள். கழுத்து முன்னால் வளைகிறது அல்லவா? பெரியவர்களின் தலை ஏறக்குறைய 5 கிலோ. பயணம் முழுக்க அதைக் கழுத்துத் தசைகள் இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். இப்போது கைகளை முன்னால் நீட்டுங்கள். தோள் நாற்காலியை விட்டு எழும்பும். வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது இப்படி எழும்பினால் பிடி தளர்ந்துவிடும்.

அதனால் தொடைக்கும் முதுகுக்கும் நடுவே 100 முதல் 110 பாகை வரை இருப்பது நல்லது. உங்கள் பாகைமானியில் 90-ஐச் சற்றே தாண்டிய இடம். சரியா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. முதுகு சீட்டில் ஒட்டியிருக்க, கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் படவேண்டும். வண்டி நிற்கும்போதுதான் இதைச் செய்யவேண்டும்.

இதில் எனக்கு மிகவும் கவலை தருவது சீட் பெல்ட். இன்று நாம் போடும் மூன்றுமுனை பெல்ட்டை 1959-இல் வால்வோ நிறுவனப் பொறியாளர் நீல்ஸ் போலின் கொண்டுவந்தார். அதன் கீழ்ப்பட்டை பலமான இடுப்பெலும்பைப் பிடிக்கவேண்டும். சீட்டை ரொம்பச் சாய்த்திருந்தால், திடீர் மோதலில் உடல் பெல்ட்டுக்கு அடியில் வழுக்கிப்போகும். பட்டை மேலேறி, எலும்பே இல்லாத வயிற்றை அழுத்தும். குடலுக்கும் கல்லீரலுக்கும் ஆபத்து. ஓட்டுபவருக்கு மட்டுமல்ல, பக்கத்து சீட்டில் இருப்பவருக்கும் இதே கதிதான்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது முன்சீட்டைச் சாய்த்துப் போட்டுச் சித்தப்பா தூங்கினால், தயங்காமல் எழுப்புங்கள். சீட்டை நிமிர்த்தச் சொல்லுங்கள்.