வெற்றியா, சுவையா? — ஹாக்கி காண்போர் உள்ளம்

ஆட்டம் காணச் செல்வோர் நாடுவது தம்மவர் வெற்றியையோ, அன்றி ஆட்டத்தின் சுவையையோ? இவ்வினாவை ஹாக்கி ஆட்டத்தின்மேல் வைத்து ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

எம் ஊர் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்திற்கும் இடைப்பட்டது. மோட்டார் ஆலைகள் நிறைந்த அப்பகுதியில் ஷிப்டு முறையில் உழைப்போர்க்கு ஓய்வினும் அரிய பொருள் பிறிதில்லை. என் தமையனார் அவருள் ஒருவர். அவர் மாலையில் வேலை முடித்து, ஏறக்குறைய 40 கிலோமீட்டர் கடந்து, எழும்பூர் மேயர் இராதாகிருஷ்ணன் அரங்கில் ஆட்டம் கண்டு, நள்ளிரவில் வீடு திரும்புவார். அதற்கு அவர் தரும் உண்மை விலை நுழைவுச் சீட்டின் காசு அன்று, உறக்கமே. அவ்விலையை எதன்பொருட்டுத் தருகின்றார்?

வெற்றியின் பொருட்டே என்பர் ஒரு சாரார். அவர் கூற்றுக்குச் சான்று உண்டு. 1928 முதல் 1956 வரை நடந்த ஆறு ஒலிம்பிக் பந்தயங்களிலும் இந்தியா ஹாக்கியில் தங்கம் வென்றது. 1980-இல் மாஸ்கோவில், சென்னை வீரர் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் எட்டாம் தங்கமும் கிடைத்தது. பின்னர் 2021-இல் டோக்கியோவில் வெண்கலம் பெறும்வரை 41 ஆண்டுகள் ஒலிம்பிக் பதக்கமே இல்லை. 2008-இல் பெய்ஜிங் செல்லும் தகுதியும் வாய்த்திலது. அவ்விடைக்காலத்தில், 1983-இல் உலகக் கோப்பை வென்ற கிரிக்கெட், மக்கள் உள்ளத்தைக் கவர்ந்துகொண்டது.

சுவையே முதன்மை என்பர் மற்றொரு சாரார். ஆட்டத்தை விரைவாக்கப் பல விதிகள் மாற்றப்பட்டன. ‘ஆஃப்சைடு’ விதி நீங்கியது. 35 நிமிடப் பாதிகள் இரண்டும் 15 நிமிடக் கால்பகுதிகள் நான்காயின. 2016-ஆம் ஆண்டு ஹாக்கி இந்தியா லீக் பந்தயத்தில், ஆடுகளத்து ஓட்டத்தில் அடிக்கும் கோல் ஒன்று இரண்டாக எண்ணப்பட்டது. எனினும், யார் வென்றால் என்ன என்று இருப்பவன், எத்துணை விரைவான ஆட்டத்தையும் எத்தனை நாள் காண்பான்?

இவ்விரு கூற்றையும் இணைக்கும் கருத்தொன்றுண்டு. முடிவு இன்னதென முன்னரே அறியலாகாத பந்தயமே மக்களை ஈர்க்கும் என்று 1956-இல் அமெரிக்கப் பொருளியலறிஞர் சைமன் ராட்டன்பர்க், பேஸ்பால் ஆட்டத்தை ஆராய்ந்து கூறினார். தம்மவர் வெற்றியை விரும்பல் வேண்டும். அவ்வெற்றி ஐயத்திற்கு உரியதாகவும் இருத்தல் வேண்டும்.

2023 ஆகஸ்டில் சென்னையில் நடந்த ஆசியச் சாம்பியன்ஸ் கோப்பைப் பந்தயம் இதற்கு உரைகல். அரையிறுதியில் இந்தியா ஜப்பானை 5–0 என எளிதில் வென்றது. அரியலூர்ச் செல்வம் கார்த்தியும் ஒரு கோல் அடித்தார். ஆகஸ்ட் 12-இல் நடந்த இறுதியாட்டத்திலோ, மலேசியா பாதி ஆட்டத்தில் 3–1 என முந்தியிருந்தது. மூன்றாம் கால்பகுதியின் கடைசி நிமிடத்தில் இந்தியா இரு கோல்கள் அடித்துச் சமன் செய்தது. 56-ஆம் நிமிடத்தில் ஆகாஷ்தீப் சிங் அடித்த கோலால் 4–3 என வென்றது.

என் தமையனார் அவ்விரண்டையும் நேரிற் கண்டவர். “தோற்றிருந்தால்?” என்று வினவினேன். “தோல்விக்கு வருந்தியிருப்பேன், தம்பி, வந்ததற்கு வருந்தியிரேன். ஜப்பானை வென்ற அன்றோ, திரும்பும் வழியிலேயே பேருந்தில் உறங்கிவிட்டேன்” என்றார்.

ஆதலின், வெற்றி வேட்கை மக்களை அரங்கிற்கு அழைத்து வரும். மீண்டும் வரச்செய்வது ஒத்த வலியுடையார் பொரும் ஆட்டமே. பந்தயம் நடத்துவோர் வலிய எதிரிகளை அழைப்பாராக. உழைப்போர்க்கு ஏற்ற நேரமும் வகுப்பாராக. அப்பந்தயத்தில் இந்தியாவின் ஆட்டங்கள் இரவு 8.30 மணிக்குத் தொடங்கியிராவிடின், என் தமையனார் ஒன்றையும் கண்டிரார். மாணவ நண்பர்காள், நம் கல்லூரி அணி தோற்கும் நாளிலும் களத்தருகே நிற்போமாக; கடைசி நிமிடம் வரை முடிவை அறிந்தார் யார்?