உங்களுக்குத் தெரியுமா? கணையம் வீங்கினால் ரத்தமும் உறையலாம்!

திடீர் கணைய அழற்சி என்றதும் தாங்க முடியாத வயிற்று வலிதான் நினைவுக்கு வரும். ரத்தம் உறையும் அபாயமும் கூடவே வருகிறது என்பது பலருக்குத் தெரியாது.

• மண்ணீரலிலிருந்து வரும் பெரிய சிரை, கணையத்தின் பின்புறத்தை ஒட்டியே ஓடுகிறது. குடலிலிருந்து வரும் சிரையுடன் அது சேர்ந்து, கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் போர்ட்டல் சிரையாக மாறுவதும் கணையத்தின் கழுத்துக்குப் பின்னால்தான். பக்கத்து வீட்டில் பற்றிய தீ போல, கணையத்தின் அழற்சி முதலில் தாக்குவது இந்தச் சிரைகளைத்தான்.

• ரத்தம் தேங்குவது, ரத்தக்குழாயின் உட்சுவர் புண்படுவது, ரத்தம் எளிதில் உறையும் நிலைக்கு மாறுவது. உறைவுக்கான இந்த மூன்று காரணங்களையும் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ஹோவின் பெயரால் மருத்துவர்கள் படிக்கிறார்கள். கணைய அழற்சி கடுமையானால் மூன்றும் ஒன்றாகவே வந்துவிடும். வீங்கிய கணையம் சிரையை நெருக்குகிறது. கணையத்தின் நொதிகள் கசிந்து சிரையின் சுவரை அரிக்கின்றன. ரத்தத்தின் நீர்ப்பகுதி திசுக்களுக்குள் இறங்கிவிட, ரத்தம் கெட்டியாகிறது. போதாததற்கு, நோயாளி நாள்கணக்கில் படுக்கையில் இருக்கிறார்.

• மண்ணீரல் சிரை அடைபட்டால் ரத்தம் இரைப்பைச் சுவரின் சிறு சிரைகள் வழியே சுற்றிப் போகும். அவை புடைத்து, என்றாவது வெடித்தால் ரத்த வாந்தி வரும், கல்லீரல் நன்றாக இருப்பவருக்கும்கூட! ரத்த வாந்தி என்றாலே குடியால் கெட்ட கல்லீரல் என்று நோயாளியைக் குற்றம் சொல்வது எவ்வளவு தவறு!

• வயிற்றுக்குள் ஏற்படும் உறைவு பல நேரம் சத்தமே காட்டாது, சி.டி. ஸ்கேனில்தான் தெரியவரும்.

• கால் சிரையிலும் ரத்தம் உறையலாம். அது நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. உடனிருப்பவர்களே, ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, கெண்டைக்கால் வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். வீடு திரும்பிய பிறகும் இதைக் கவனியுங்கள்.

• உறைவைத் தடுக்கும் ஹெப்பாரின் 1916-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவரின் ஆய்வில் வெளிப்பட்டது. ஆனால், கணைய அழற்சியில் இதை யோசித்துத்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது. சிரையை அரிக்கும் அதே கணைய நொதிகள் பக்கத்துத் தமனியின் சுவரையும் அரித்துப் பலூன்போலப் புடைக்க வைக்கும். அது வெடித்தால் பெரும் ரத்தப்போக்கு. எங்கே உறைந்திருக்கிறது, எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்த்து, ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியாகவே மருத்துவர்கள் முடிவெடுக்கிறார்கள்.