பல்லாவரத்துப் புத்தக வீடு

மறைமலை நகர் என்று நாள்தோறும் சொல்கிறோம். ஊருக்குப் பெயர் தந்தவரையோ தனித்தமிழ் இயக்கத் தந்தை என்ற ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். மறைமலையடிகள் நாவலும் எழுதியவர். சொந்தக் காசில் பெரிய நூலகம் சேர்த்தவர். அந்தப் பக்கம் மறந்துபோனதில் எனக்கு நிஜமாகவே வருத்தம் உண்டு.

1876 ஜூலை 15-ல் நாகப்பட்டினத்தில் வேதாசலமாகப் பிறந்தார். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. தமிழ் சொல்லிக்கொடுத்த நாராயணசாமிப் பிள்ளை பழைய புத்தகக் கடை நடத்தியவர். புத்தகப் பித்து அங்கேதான் பிடித்திருக்கும் என்று நினைக்கிறேன். 1898-ல் சென்னை கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியர் ஆனார். (கல்லூரி அப்போது பாரிமுனையில் இருந்தது, தாம்பரத்துக்கு வந்தது 1937-ல்.) 1911-ல் தமிழ் கட்டாயப் பாடமாக இல்லாமல் போனதும் வேலையை விட்டுப் பல்லாவரத்தில் குடியேறி, காவி உடுத்தினார்.

காவி உடுத்தியவர் காதல் கதை எழுதினார். ரெய்னால்ட்ஸின் ஆங்கில நாவலைத் தழுவியது ‘குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி’. அதைவிட எனக்கு முக்கியமானது, 1921-ல் வந்த ‘கோகிலாம்பாள் கடிதங்கள்’. இளம் கைம்பெண் ஒருத்தி தன் காதலனுக்கு எழுதும் கடிதங்களாகவே முழுக்கதையும் நகர்கிறது. கைம்பெண் மறுமணத்தை ஊர் கூடி எதிர்த்த காலம் அது. அந்தப் பெண்ணின் மனத்தை வேறொருவர் விவரிக்காமல், அவளே பேசும்படி வைத்தது அன்றைய தமிழில் துணிச்சலான காரியம். மொழிநடை இன்று கொஞ்சம் கனமாகத் தெரியலாம். நாலு பக்கம் தாண்டினால் பழகிவிடும். தமிழ் நாவல் வரலாறு பேசுகிறவர்கள் இதற்குக் கூடுதல் இடம் தர வேண்டும்.

பல்லாவரம் வீட்டிலேயே திருமுருகன் அச்சுக்கூடமும் நடந்தது. மாதச் சம்பளம் இல்லை. சொற்பொழிவும் நூல் விற்பனையும்தான் வருமானம். இலங்கைத் தமிழர்களும் அழைத்துப் பேசவைத்து ஆதரித்தார்கள். அதற்குள் மிச்சம் பிடித்து, தமிழும் ஆங்கிலமும் வடமொழியுமாகச் சுமார் 4,000 நூல்களை வாங்கிச் சேர்த்தார். மணிமொழி நூல்நிலையம் என்று பெயர்.

1950 செப்டம்பர் 15-ல் மறைந்தார். நூல்களைப் பொதுமக்களுக்கே விட்டுச்சென்றார். சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் அவற்றைக் கொண்டு 1958-ல் சென்னை லிங்கிச் செட்டித் தெருவில் மறைமலையடிகள் நூல்நிலையத்தைத் திறந்தது. ஆய்வு மாணவர்கள் பல தலைமுறையாக அங்கே போய்ப் படித்தார்கள். இப்போது அந்தத் தொகுப்பு எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் இருக்கிறது.