சாராயம் காய்ச்சும் மீன்!

இங்கிலாந்துக் குளங்களில் ஒரு மீன் இருக்கிறது. குளிர் காலம் வந்தால், அது தன் உடம்புக்குள்ளேயே சாராயம் காய்ச்சுகிறது!

கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் இது உண்மை. அப்படிக் காய்ச்சாவிட்டால் அந்த மீன் செத்துப் போகும்.

அதன் பெயர் குரூசியன் கெண்டை. தேய்த்த பித்தளைப் பாத்திரம் போல மின்னும். உடம்பு அகலமாக, தட்டையாக இருக்கும். சாதாக்கெண்டைக்கு வாயோரம் மீசை உண்டு. இதற்கு மீசை கிடையாது. ஒரு கிலோ எடை இருந்தாலே பெரிய மீன் என்பார்கள்.

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் நார்போக் என்ற மாவட்டம் இருக்கிறது. முன்காலத்தில் அங்கே விவசாயிகள் வயல் நடுவே குழி தோண்டி, சுண்ணாம்பு கலந்த களிமண்ணை எடுத்தார்கள். அதுதான் அவர்களுடைய நிலத்துக்கு உரம். தோண்டிய குழிகளில் தண்ணீர் நின்றது. குழிகள் குளங்களாயின. இன்றும் அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் 20,000-க்கு மேற்பட்ட குளங்கள் உண்டு. குரூசியன் கெண்டைக்கு இப்படிப்பட்ட சின்னக் குளம்தான் பிடிக்கும்.

பனிக்கட்டிக்கு அடியில்

கடுங்குளிரில் குளத்தின் மேல்பரப்பு உறைந்து மூடிக்கொள்ளும். அதன் மேல் பனி விழுந்தால் வெளிச்சமும் உள்ளே போகாது. வெளிச்சம் இல்லாவிட்டால் நீர்ச்செடிகள் பிராண வாயுவை வெளியிடுவதில்லை. இருக்கிற கொஞ்சம் வாயுவையும், அடியில் அழுகும் இலைகள் தீர்த்துவிடும். மற்ற மீன்கள் மூச்சு முட்டிச் சாகும்.

பிராண வாயு இல்லாமல் உடம்பு வேலை செய்தால், ஒருவகை அமிலம் சேரும். நாம் வேகமாக ஓடும்போது நம் தசைகளிலும் அது உண்டாகிறது. சிறிது நேரம் என்றால் பரவாயில்லை. நாள் கணக்கில் சேர்ந்தால் உயிருக்கு ஆபத்து. குரூசியன் கெண்டை என்ன செய்கிறது தெரியுமா? அந்த அமிலத்தைச் சாராயமாக மாற்றி, செவுள் வழியாகத் தண்ணீரில் விட்டுவிடுகிறது! அடுப்பு எரிய விறகு வேண்டாமா? அதற்காகக் குளிருக்கு முன்பே நன்றாகத் தின்று, ஈரலில் மாவுச் சத்தைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. இப்படியே பல மாதம் உயிரோடு இருக்கும்.

அந்தச் சமயத்தில் அதன் ரத்தத்தைச் சோதித்தால், 100 மில்லி லிட்டரில் 50 மில்லி கிராமுக்கு மேலேயே சாராயம் இருக்கும். ஸ்காட்லாந்தில் அந்த நிலையில் கார் ஓட்டினால் போலீசார் பிடித்துக்கொண்டு போவார்கள்!

இதன் ரகசியத்தை ஆஸ்லோ, லிவர்பூல் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2017-ம் ஆண்டில் விளக்கினார்கள். சுமார் 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன், இந்த மீனின் முன்னோர்களிடம் மரபணுக்கள் இரட்டிப்பாயின. ஒரு பிரதி பழைய வேலையைப் பார்க்க, மறு பிரதி சாராய வேலைக்குத் திரும்பிவிட்டது.

இன்னொரு வித்தையும் இதற்குத் தெரியும். பைக் என்ற கொள்ளைக்கார மீன் இருக்கும் குளத்தில் வளர்ந்தால், இதன் உடம்பு இன்னும் அகலமாகிவிடும். பைக் வாயைத் திறந்தாலும் விழுங்க முடியாது. சுவீடன் நாட்டுக் குளங்களில் இதைச் சோதித்து, 1992-ம் ஆண்டில் வெளியிட்டார்கள்.

உறவினரால் வந்த வினை

பனியை வென்ற மீன், பைக்கை ஏமாற்றிய மீன், கடைசியில் தோற்றது யாரிடம்? கண்ணாடித் தொட்டியில் நீந்தும் தங்கமீனிடம்!

இரண்டும் நெருங்கிய உறவு. தங்கமீனுக்கும் சாராயம் காய்ச்சத் தெரியும். ஆசையாக வாங்கியவர்களுக்குச் சில மாதத்தில் அலுத்துவிடும். கொல்ல மனம் வராது. "பாவம், பிழைத்துப் போகட்டும்" என்று பக்கத்துக் குளத்தில் விட்டுவிடுவார்கள். அது குரூசியன் கெண்டையோடு சேர்ந்து கலப்புக் குஞ்சுகளைப் பொரிக்கும். குளத்தில் பிறக்கும் தங்கமீன்களின் நிறமும் நாளடைவில் பழுப்பாகிவிடும். எது அசல், எது கலப்பு என்று கரையில் நிற்பவருக்குத் தெரியாது. பக்கவாட்டுக் கோட்டில் உள்ள செதில்களை எண்ண வேண்டும். அசலில் சுமார் 33 இருக்கும். தங்கமீனில் அதைவிடக் குறைவு. அதிலும் சந்தேகம் வந்தால் மரபணுச் சோதனைதான்.

தூண்டில்காரர்களுக்காக விடப்படும் சாதாக்கெண்டையாலும் இதே தொல்லை. இன்னொரு பக்கம், டிராக்டர் ஓட்ட இடைஞ்சல் என்று பல குளங்களையே மண்ணைப் போட்டு மூடினார்கள். மீதிக் குளங்களில் சில, மரம் அடர்ந்து, இலை நிரம்பித் தூர்ந்தன. நார்போக்கில் முன்பு இந்த மீன் இருந்த குளங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் இப்போது அது இல்லை.

இதற்கு நடுவே ஒரு வேடிக்கை. இது இங்கிலாந்தின் சொந்த மீன் என்றே பல காலம் எண்ணியிருந்தார்கள். 2017-ம் ஆண்டில் வந்த மரபணு ஆய்வு ஒன்று, "இல்லை, 15-ம் நூற்றாண்டு வாக்கில் ஐரோப்பாவிலிருந்து கொண்டு வரப்பட்டதாக இருக்கலாம்" என்றது. அப்படியானால் வெளிநாட்டு மீனையா பாதுகாப்பது என்ற கேள்வி எழுந்தது. 500 ஆண்டு குடியிருந்தும் யாருக்கும் கெடுதல் செய்யாத மீனிடம் போய்ப் பட்டா கேட்கலாமா? அதன் தாயகமான ஐரோப்பாக் கண்டத்திலும் பல இடங்களில் அது குறைந்துதான் வருகிறது.

நல்லவேளையாக நார்போக்கில் விவசாயிகளும் விஞ்ஞானிகளும் கை கோத்திருக்கிறார்கள். கரையில் அடர்ந்த மரங்களை வெட்டி, சேற்றை வாரி, குளங்களுக்கு வெயில் காட்டுகிறார்கள். சுத்தமான குளம் பார்த்துக் கலப்பில்லாத குரூசியன் கெண்டைகளை விடுகிறார்கள்.

மூடிப்போன குளங்களையும் விடவில்லை. பழைய வரைபடத்தை வைத்து இடம் கண்டுபிடித்து, வயலைத் தோண்டுகிறார்கள். இவற்றுக்கு "பேய்க் குளம்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள்! அடியில் பழைய கரிய சேறு தென்பட்டதும் தோண்டுவதை நிறுத்திவிடுவார்கள். தண்ணீர் தானாக வந்து நிற்கும். 100 ஆண்டுகளுக்கு மேல் மண்ணுக்குள் கிடந்த நீர்ச்செடி விதைகள், யாரும் விதைக்காமலே முளைத்துவிட்டன.