கைமடியிலிருந்து மெஷினுக்கு... மரச்சிற்பத்தில் 'கத்துக்குட்டி' பட்டம் எப்போது போகும்?

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் யார் புதுசு, யார் பழகியவர் என்று கேட்கவே வேண்டியதில்லை. சேர்ந்த புதிதில் கைமடி வேலை. பிறகு ஒருநாள் மெஷினில் உட்காரச் சொல்வார்கள். ஓவர்லாக், பேட்லாக் என்று கை பழகப் பழக, சனிக்கிழமை கைக்கு வரும் சம்பளமும் மாறும். 'இனி நீ கத்துக்குட்டி இல்லை' என்பதை அந்தச் சம்பளக் கவரே சொல்லிவிடும்.

அதே ஆள் ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் உட்கார்ந்து, ஆசைக்காக ஒரு மரத்துண்டில் யானையோ பிள்ளையாரோ செதுக்குகிறார் என்று வையுங்கள். அவர் தேறிவிட்டார் என்று யார் சொல்வது? அங்கே சூப்பர்வைசர் இல்லை, செக்கிங் டேபிள் இல்லை, கவரும் இல்லை. முன்னேறுகிறோமா, அதே இடத்தில் நிற்கிறோமா என்று தெரியாமலே நாலாவது பொம்மையோடு உளியைப் பரணில் போட்டுவிடுகிறவர்களும் உண்டு. ஆனால், தேறியதற்கு அடையாளங்கள் இருக்கின்றன. அவற்றைப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

பூண்டியும் அவிநாசியும்

செதுக்கு வேலை திருப்பூருக்குப் புதிதில்லை. அவிநாசி செல்லும் சாலையில் உள்ள திருமுருகன்பூண்டியில் கற்சிற்பக் கூடங்கள் வரிசையாக இருக்கின்றன. இன்னும் சற்றுத் தள்ளி, அவிநாசிலிங்கேஸ்வரர் கோயில் தேர். தமிழகத்தின் பெரிய தேர்களில் ஒன்றான அது, சித்திரையில் வீதிக்கு வரும்போது நிமிர்ந்து பார்த்தால் மரச்சிற்பம் என்றால் என்ன என்று புரியும். மரச்சிற்பத்துக்கென்றே பெயர்பெற்ற ஊர்களும் தமிழகத்தில் உண்டு. பெரம்பலூர் மாவட்டம் அரும்பாவூருக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சேலம் மாவட்டம் தம்மம்பட்டியும், கள்ளக்குறிச்சியும் அதே பெருமையைப் பெற்றவை.

இத்தகைய பட்டறைகளில் ஒருவர் எவ்வளவு தேறியிருக்கிறார் என்பதை, அவரை நம்பிக் கொடுக்கும் வேலையே காட்டிவிடும். முதலில் உளி தீட்டுவது, தேய்ப்பது, வேண்டாத பகுதியைக் கழிப்பது. பிறகு அணிகலன், ஆடை மடிப்பு. முகம் கடைசியில்தான் கைக்கு வரும். முகத்தின் நீளமே ஒரு தாளம், அதாவது 12 அங்குலம். உத்தம தசதாளக் கணக்கில் செய்யும் தெய்வ உருவத்துக்கு மொத்த உயரம் 124 அங்குலம். இந்த அங்குலம் கடையில் வாங்கும் டேப்பில் உள்ள இன்ச் இல்லை. சிலையின் அளவுக்கேற்பக் கூடிக் குறையும் ஒரு பங்கு. முகத்தில் பிசகினால் மொத்தக் கணக்கும் பிசகிவிடும் என்பதால்தான் அதற்கு அத்தனை காத்திருப்பு. கண் திறக்கும் வேலை தலைமைச் சிற்பிக்கு உரியது.

பொழுதுபோக்காகச் செதுக்குபவருக்கு இப்படி வேலை பிரித்துக் கொடுக்க ஆளில்லை. அதனால் கீழே உள்ள நான்கு படிகளையும் அவரே கவனித்துக்கொள்ள வேண்டும்.

1. உளியை நீங்களே தீட்டுகிறீர்களா?

கத்துக்குட்டி மரத்தைக் குறை சொல்வார். தேறியவர் முதலில் உளியின் வாயைப் பார்ப்பார். கூர்மையான உளி, நாருக்குக் குறுக்கே வெட்டினாலும் பளபளப்பான பரப்பை விட்டுச் செல்லும். மழுங்கியது, நாரைப் பிய்த்துச் சொரசொரப்பாக்கும். வெட்டிய இடத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு தொடர்ந்து விழுந்தால், உளியின் வாயில் எங்கோ சிறு பல் விழுந்திருக்கிறது என்று பொருள். தேக்கில் சிலிகா கலந்திருப்பதால் உளி சீக்கிரம் மழுங்கும். தீட்டுக்கல்லில் தேய்த்து, தோல் பட்டையில் இழுத்து, மறுபடி வேலையைத் தொடரும் பழக்கம் வந்துவிட்டால் ஒரு படி ஏறிவிட்டீர்கள்.

2. நார் எந்தப் பக்கம் ஓடுகிறது?

கட்டிங் மாஸ்டர் துணியைத் தொட்டுப் பார்த்தே எந்த வாட்டத்தில் இழுபடும் என்று சொல்லிவிடுவார். ரோலைப் பிரித்த துணியை ஆறப்போடாமல் வெட்டினால் பிறகு அளவு சுருங்கும் என்பதும் அவருக்குத் தெரியும். மரமும் அப்படித்தான். ஈரம் காயாத கட்டையில் செதுக்கிய பொம்மை, முடித்த பிறகு பிளந்துகொள்ளும்.

நாரின் ஓட்டத்தை எதிர்த்துப் போனால் உளி மரத்துக்குள் புதைந்து சில்லு தெறிக்கும். மேட்டிலிருந்து பள்ளத்தை நோக்கி வெட்டினால் சீவல் சுருளாக வரும். யானையின் முதுகில் ஒரு திசை, வயிற்றில் இன்னொரு திசை. கணு வந்தால் அதைச் சுற்றி எல்லாமே மாறும். ஆரம்பத்தில் சில்லு தெறித்த பிறகுதான் தவறு தெரியும். பழகப் பழக, உளியை வைத்ததுமே அதன் சத்தத்திலும் கையில் படும் தடையிலும் தெரிந்துவிடும். பிறகு உளியை வைக்கும் முன்பே தெரியும். இந்த மாற்றம்தான் மிகப் பெரிய அடையாளம்.

3. கை பத்திரமா?

பீஸ் ரேட்டில் தைக்கிறவருக்கு ஒரு விரலில் தையல் போட்டால் ஒரு வாரச் சம்பளம் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை ஆசை, திங்கட்கிழமை அடுப்பை அணைத்துவிடக் கூடாது. கட்டிங் செக்‌ஷனில் இரும்பு வலைக் கையுறை போடுவது சும்மா இல்லை. செதுக்கும்போதும் மரத்தைப் பிடிக்கும் கைக்கு அது நல்லது. ஆனால் அது கீறலைத்தான் தடுக்கும். உளியின் முனை குத்தினால் தாங்காது. மரத்தை இடுக்கியில் இறுக்கிவிட்டு, இரண்டு கைகளையும் உளி வாய்க்குப் பின்னால் வைத்துக்கொள்வதே உறுதியான பாதுகாப்பு. மழுங்கிய உளிக்குக் கூடுதல் பலம் கொடுக்க வேண்டியிருக்கும். அந்தப் பலம் வழுக்கும்போதுதான் விபத்து. களைத்துவிட்டால் நாலு வெட்டு மிச்சமிருந்தாலும் உளியைக் கீழே வைக்கத் தெரிந்தவர் கத்துக்குட்டி இல்லை.

4. கெட்டுப்போனால் யார் பொறுப்பு?

1980-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர்களான ஸ்டூவர்ட் டிரைஃபஸ், ஹூபர்ட் டிரைஃபஸ் சகோதரர்கள், ஒரு திறமை கைவருவதை ஐந்து கட்டங்களாகப் பிரித்துக் காட்டினார்கள். முதல் கட்டத்தில் இருப்பவர் விதியை அப்படியே பின்பற்றுவார். சரியாக வராவிட்டால் விதி சரியில்லை என்று சொல்லிவிடலாம். நடுக்கட்டத்துக்கு வரும்போது, எதை முதலில் செய்வது, எதை விடுவது என்று அவரே முடிவெடுக்க வேண்டியிருக்கும். அதனால் விளைவும் அவருடையதாகிவிடும். நன்றாக வந்தால் அவருக்குச் சந்தோஷம், கெட்டால் அவருக்கு வலி.

வீடியோவைப் பார்த்து வெட்டுக்கு வெட்டு செய்த பொம்மை அழகாகவே இருக்கலாம். ஆனால் பாதி வேலையில் காது உடைந்து, யானையின் தலையை இன்னும் கொஞ்சம் சிறிதாக்கி, காதை உடலோடு ஒட்டினாற்போல் மாற்றி முடித்தீர்களா? அந்தப் பொம்மை அவ்வளவு அழகாக இல்லாவிட்டாலும், நீங்கள் மெஷினில் உட்கார்ந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

திருப்பூர்க்காரர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். ஒரு டி-ஷர்ட் பல கைகள் மாறி வருகிறது. ஒருவர் தோள் மூட்டுவார், ஒருவர் கை ஏற்றுவார், ஒருவர் அடி மடிப்பார். வருடக்கணக்கில் தோள் மட்டுமே மூட்டியவர், முழுச் சட்டை ஒன்றை 'இது நான் செய்தது' என்று சொல்ல வாய்ப்பே இல்லாமல் போகலாம். மரத்துண்டில் அப்படியில்லை. வரைவது, வெட்டுவது, செக்கிங் எல்லாம் ஒரே ஆள். டேமேஜும் அவருடையதுதான்.

வீட்டிலேயே ஒரு சோதனை

முதல் பொம்மையைத் தூக்கிப் போடாதீர்கள். அடியில் தேதி எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே அளவுக் கட்டையில், அதே உருவத்தை, பழையதைப் பார்க்காமல் செய்யுங்கள். பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புதியது அழகாக இருக்கிறதா என்பது அப்புறம். பழையதில் என்ன தவறு, ஏன் வந்தது, இப்போதானால் எந்த வெட்டை முதலில் போட்டிருப்பீர்கள் என்று உங்களால் சொல்ல முடிகிறதா?

முடிந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை புதிய கட்டையை எடுக்கலாம். இந்த முறை உருவத்தையும் நீங்களே வரையுங்கள்.