எழுத்தறிவு: யாருடைய கணக்கு?

திருவாலங்காட்டில் 1905இல் கிடைத்த இராசேந்திர சோழன் செப்பேடுகள், பழையனூரைக் கோயிலுக்குக் கொடுத்ததைப் பதிவு செய்கின்றன. உழுதவனுக்கு அதைப் படிக்கத் தெரியவேண்டிய அவசியம் இருக்கவில்லை. எழுத்து அதிகாரத்தின் சாட்சி.

முதியோர் கல்வியை நான் இங்கிருந்துதான் பார்க்கிறேன். கூலிக்குப் போகிற பெண்ணுக்கு மனக்கணக்கு தெரியும். மேஸ்திரியின் நோட்டைப் பார்த்து 'இது தப்பு'ன்னு சொல்லத்தான் எண்ணும் எழுத்தும் வேண்டும்.

எல்லைக்கு அப்பால், நெல்லூர் மாவட்டத்தில் படிப்பு அப்படியொரு கேள்வியாக மாறியது. துபகுண்டா கிராமத்துப் பெண்கள் எழுத்தறிவு வகுப்பில் சாராயம் பற்றிய பாடத்தைப் படித்தார்கள். நம்ம வீட்டுக் கதையாச்சே என்று பேசினார்கள். ஊர்ச் சாராயக் கடையை மூடவைத்தார்கள். 1992இல் போராட்டம் மாவட்டமெங்கும் பரவியது. 1993 அக்டோபரில் ஆந்திர அரசு சாராயத்தைத் தடைசெய்தது.

நம் அறிவொளி இயக்கத்தையும் இப்படித்தான் மதிப்பிடவேண்டும்: எத்தனை பேர் கையெழுத்துப் போட்டார்கள் என்பதோடு, படித்தபின் யாரைக் கேள்வி கேட்டார்கள் என்றும்.