ரேகையைக் கேட்டு வாங்கியவர்களுக்கு என்ன பொறுப்பு?

பெங்களூரு லிங்கராஜபுரத்தில் ஒரு சின்ன வீட்டை வாங்கினாலும் விற்றாலும் சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீசுக்குப் போயாக வேண்டும். அங்கே போட்டோ எடுப்பார்கள், கைரேகை வாங்குவார்கள். அடையாளத்துக்கு ஆதார் கொடுப்போம். பதிவான பத்திரம் கர்நாடக அரசின் ‘காவேரி 2.0’ இணையதளத்தில் ஏறிவிடும். சொத்து வாங்க நினைப்பவர் வில்லங்கம் பார்க்க அது தேவை.

2023-இல் அந்த வசதியே திருடர்களுக்கு வழியானது. பெங்களூருவில் பலருடைய வங்கிக் கணக்கிலிருந்து திடீரென்று பணம் போனது. அவர்கள் யாருக்கும் ஓடிபி சொல்லவில்லை, எந்த லிங்க்கையும் தொடவில்லை, ஒரு போன்கூட வரவில்லை. விசாரித்தபோது, திருடர்கள் அந்தத் தளத்திலிருந்து பத்திரங்களை இறக்கி, அதில் இருந்த ரேகையைச் செயற்கையாக அச்செடுத்து, ஆதார் எண்ணோடு சேர்த்துப் பணம் எடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. அந்த அக்டோபரில் பீகாரைச் சேர்ந்த இருவரைப் பெங்களூரு காவல் துறை கைது செய்தது. பத்திரங்களில் ரேகை வெளியே தெரியாமல் மறைக்கும் வேலையில் மாநில அரசும் இறங்கியது.

சைபர் மோசடி என்றாலே ‘நீங்கள் ஜாக்கிரதையாக இருங்கள்’ என்று நமக்குப் புத்தி சொல்கிறார்கள். ஜாக்கிரதை வேண்டும்தான். ஆனால் இந்தச் சம்பவத்தில் பணத்தை இழந்தவர் செய்த தவறு என்ன? அரசு கேட்டது, ரேகை வைத்தார். அவ்வளவுதான். ஆகவே அடையாளத் திருட்டில் அரசு, வங்கி, தொலைபேசி நிறுவனம் ஆகிய மூவருக்கும் என்னென்ன கடமை என்பதை நாம் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். அது தெரிந்தால்தான் யாரிடம் போய் எதைக் கேட்பது என்பது விளங்கும்.

ரேகை இருந்தால் பணம் எடுக்க முடியுமா?

முடியும். இந்திய தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் நடத்தும் ஏஇபிஎஸ் என்ற முறை இருக்கிறது. கிளையோ ஏடிஎம்மோ இல்லாத ஊரில் வங்கியின் முகவர் ஒரு சின்ன இயந்திரத்தோடு உட்கார்ந்திருப்பார். ஆதார் எண், வங்கியின் பெயர், கைரேகை ஆகிய மூன்றும் இருந்தால் பணம் கையில் வந்துவிடும். ஒரு முறைக்கு 10,000 ரூபாய் வரை எடுக்கலாம். பின் நம்பர் கிடையாது, ஓடிபி கிடையாது. படிக்கத் தெரியாத பாட்டிக்கு முதியோர் பென்ஷன் கிடைக்க இது பெரிய உதவி. அதை நிறுத்து என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. பின் நம்பர் வெளியே போனால் மாற்றிக்கொள்ளலாம். ரேகை போனால் மாற்ற முடியாது. அதனால் ரேகையைச் சேகரிக்கும் அலுவலகம் மற்ற எந்தத் தகவலையும்விட அதைக் கவனமாக வைத்திருக்க வேண்டும். பக்கத்து மாநிலத்தில் இதற்கு முன்னறிவிப்பும் கிடைத்திருந்தது. 2018-இல் தெலங்கானாவில் ஒரு சிம் வியாபாரி, பதிவுத் துறைத் தளத்துப் பத்திரங்களில் இருந்த ரேகைகளைப் போலியாகச் செய்து, ஆயிரக்கணக்கான சிம்களை ஆக்டிவேட் செய்து பிடிபட்டார். அதே ஓட்டை ஐந்து வருடம் கழித்துப் பெங்களூருவில் திறந்து கிடந்தது. ஒரு மாநிலத்தில் நடந்த திருட்டை மற்ற மாநிலங்கள் பாடமாக எடுத்துக்கொள்ளாவிட்டால் அதன் விலையைச் சாதாரண மக்கள் கட்ட வேண்டியிருக்கிறது.

ஆதார் ஆணையமும் சும்மா இருக்கவில்லை. இயந்திரத்தில் வைக்கப்படுவது உயிருள்ள விரலா, அச்சா என்று சோதிக்கும் கூடுதல் ஏற்பாட்டை 2023 பிப்ரவரியில் அறிவித்தது. அதற்குப் பிறகும் பெங்களூருவில் பணம் போனது. பணம் கொடுக்கும் முகவர் யார், எங்கே இருக்கிறார், எப்படி இயங்குகிறார் என்பதை வங்கிகள் சரிபார்த்துக் கண்காணிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் தனி உத்தரவு போட்டது.

சட்டமும் போலீசும்

அடுத்தவருடைய பாஸ்வேர்டு, மின்னணுக் கையெழுத்து, தனித்த அடையாளம் எதையும் மோசடியாகப் பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு பாயும். கம்ப்யூட்டர் வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் 66டி. இரண்டுக்கும் மூன்று வருடம் வரை சிறையும், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. 2000-இல் வந்த சட்டத்தில் இந்தப் பிரிவுகள் இல்லை. 2008-இல் திருத்தம் வந்தபோது சேர்த்தார்கள்.

இந்தியாவின் முதல் சைபர் குற்றக் காவல் நிலையம் 2001-இல் பெங்களூருவில்தான் தொடங்கியது. இன்று நகரின் காவல் மண்டலங்களில் சைபர், பொருளாதாரம், போதைப்பொருள் ஆகிய மூன்றையும் கவனிக்கும் ‘சென்’ காவல் நிலையங்கள் இருக்கின்றன. விசாரணை அதிகாரிகளுக்குப் பயிற்சி தர, கர்நாடக சிஐடியோடு இன்ஃபோசிஸ் அறக்கட்டளையும் இந்தியத் தரவுப் பாதுகாப்புக் கவுன்சிலும் சேர்ந்து ஒரு மையத்தை நடத்துகின்றன. அரசும் தொழில்துறையும் கைகோத்தால் என்ன செய்யலாம் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

தகவலைக் காக்கும் கடமை பற்றிய சட்டத்துக்கும் இந்த ஊரோடு உறவு இருக்கிறது. ஆதாரை எதிர்த்து 2012-இல் உச்ச நீதிமன்றம் போனவர் பெங்களூருவில் வாழ்ந்த ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி. அந்த வழக்கில்தான் 2017 ஆகஸ்ட் 24 அன்று அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பானது. அதன் தொடர்ச்சியாக 2023-இல் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதன்படி, நம் தகவலை வைத்திருப்பவர் அதைக் கசியவிட்டால் நமக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் தெரிவிக்க வேண்டும். போதிய பாதுகாப்பு செய்யாதவருக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் போடலாம். விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. அவை படிப்படியாக அமலுக்கு வரும் ஏற்பாடு. இந்த அபராதம் கம்பெனிகளை மட்டுமல்லாமல், நம் ரேகையை வாங்கும் அரசு அலுவலகங்களையும் பொறுப்போடு நடக்கவைக்க வேண்டும் என்பதே என் எதிர்பார்ப்பு.

வங்கி என்ன செய்ய வேண்டும்?

பணத்தை இழந்தவர் முதலில் வங்கிக்குத்தான் ஓடுவார். ‘நாங்கள் என்ன செய்ய முடியும்?’ என்று கேட்டு அனுப்பிவிடுவதும் உண்டு. செய்ய வேண்டியது என்ன என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்றே சுற்றறிக்கையில் எழுதிவைத்திருக்கிறது.

தவறு வங்கியுடையது என்றால் முழுத் தொகையும் வாடிக்கையாளருக்குத் திரும்ப வேண்டும். தவறு வங்கியிடமும் இல்லை, உங்களிடமும் இல்லை, நடுவில் எங்கோ ஓட்டை என்றால் நாள் கணக்கு முக்கியம். பணம் போனதாக வங்கியிலிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் புகார் சொன்னால் உங்களுக்கு நஷ்டம் கிடையாது. நான்கிலிருந்து ஏழு வேலை நாளுக்குள் சொன்னால், சாதாரணச் சேமிப்புக் கணக்குக்கு உங்கள் பங்கு அதிகபட்சம் 10,000 ரூபாய். அதற்கும் மேல் தாமதித்தால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படிதான். புகார் கொடுத்த பத்து வேலை நாளுக்குள் அந்தத் தொகையைத் தற்காலிகமாகக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தவறு வாடிக்கையாளருடையது என்றால் அதை நிரூபிக்க வேண்டியது வங்கி.

நீங்களே ஓடிபியைச் சொல்லிவிட்டால் நிலைமை வேறு. புகார் சொல்லும்வரை போன பணம் உங்கள் பொறுப்பு. புகார் சொன்ன பிறகு போகும் ஒவ்வொரு ரூபாயும் வங்கியின் பொறுப்பு. ஆகவே எப்படி ஏமாந்திருந்தாலும் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே சொல்லிவிட வேண்டும். 30 நாளில் வங்கி பதில் தராவிட்டாலோ, தந்த பதில் சரியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) இலவசமாகப் போகலாம். 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம்.

சிம் கொடுப்பவரின் பங்கு

பெரும்பாலான மோசடி ஒரு போன் எண்ணில் தொடங்குகிறது. அந்த எண் வேறு யாருடைய பெயரிலோ வாங்கப்பட்டிருக்கும். அதனால்தான் சிம் விற்கும் கடைக்காரரை நிறுவனம் பதிவு செய்து சரிபார்க்க வேண்டும் என்ற விதி 2023 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு மே மாதம் மத்திய தொலைத்தொடர்புத் துறை ‘சஞ்சார் சாத்தி’ தளத்தைத் திறந்தது. உங்கள் பெயரில் எத்தனை இணைப்பு ஓடுகிறது என்று அங்கே பார்க்கலாம். தெரியாத எண் இருந்தால் ‘இது என்னுடையது அல்ல’ என்று தெரிவிக்கலாம். தொலைந்த போனை நாடு முழுக்க வேலை செய்யாமல் முடக்கலாம். ‘சக்ஷு’ பகுதியில் சந்தேகமான அழைப்பையும் மெசேஜையும் புகார் செய்யலாம். வங்கி, காப்பீட்டு நிறுவனங்களின் சேவை அழைப்புகளுக்கு 1600 என்று தொடங்கும் தனி வரிசையும் ஒதுக்கியிருக்கிறார்கள்.

வாடகைக்குக் கணக்கு கேட்டால்

திருடிய பணம் நேராகத் திருடனின் கணக்குக்குப் போகாது. கமிஷனுக்கு ஆசைப்பட்டு யாரோ கொடுத்த கணக்கு வழியாகத்தான் நகரும். வேலை தேடும் பையன்களிடம் ‘பாஸ்புக்கும் ஏடிஎம் கார்டும் சிம்மும் கொடு, மாதம் இவ்வளவு தருகிறேன்’ என்று கேட்பார்கள். கொடுத்தால் குற்றச் சங்கிலியில் அந்தப் பையனும் சேர்ந்துவிடுவான். போலீஸ் முதலில் தட்டுவதும் அவன் வீட்டுக் கதவைத்தான்.

இப்படிப்பட்ட கணக்குகளைக் கண்டுபிடிக்க ரிசர்வ் வங்கியின் பெங்களூருப் புத்தாக்க மையம் ‘மியூல் ஹண்டர்’ என்ற மென்பொருளை உருவாக்கி வங்கிகளுக்குத் தருகிறது. சந்தேகத்துக்குரிய கணக்குகளின் பட்டியலை மத்திய உள்துறையின் சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் 2024 செப்டம்பரிலிருந்து வங்கிகளோடு பகிர்கிறது. இவ்வளவும் அவசியம்தான். 2024-இல் மட்டும் சைபர் மோசடியில் இந்தியர்கள் இழந்தது 22,845 கோடி ரூபாய் என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. முந்தைய ஆண்டு 7,465 கோடி.

பணம் போய்விட்டால்

1. உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். பரிவர்த்தனை எண், நேரம், தொகை, உங்கள் வங்கி விவரம் கையில் இருக்கட்டும். தகவல் உடனே வங்கிகளுக்குப் போகும். பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவுவதற்குள் முடக்க முடியும். முதல் ஓரிரு மணி நேரம் பொன்னான நேரம்.

2. வங்கியின் எண்ணிலும் சொல்லி, கணக்கை நிறுத்தி, புகார் எண்ணை எழுதி வாங்குங்கள். மூன்று நாள் கணக்குக்கு அதுதான் சாட்சி.

3. சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் முழுப் புகாரையும் பதியுங்கள். பிறகு பக்கத்துக் காவல் நிலையத்திலோ சென் நிலையத்திலோ எழுத்தில் கொடுங்கள். ‘இது எங்கள் எல்லை இல்லை’ என்று சொல்லித் திருப்பி அனுப்பக்கூடாது. எந்த நிலையத்திலும் புகாரைப் பதிய வேண்டும் என்பது 2024 ஜூலையிலிருந்து அமலில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே இருக்கிறது.

4. முடக்கிய பணம் தானாகத் திரும்பாது. பொதுவாக நீதிமன்ற உத்தரவு தேவைப்படும். விசாரணை அதிகாரியிடம் அதைக் கேட்டு, மனு போடும்வரை விடாதீர்கள்.

இன்றே செய்ய வேண்டியவை

பத்திரம் பதிந்தவர்கள், ரேஷனுக்கும் பென்ஷனுக்கும் ரேகை வைப்பவர்கள் எல்லாரும் ஆதார் தளத்திலோ எம் ஆதார் செயலியிலோ பயோமெட்ரிக்கைப் பூட்டி வைக்கலாம். தேவைப்படும்போது திறந்து, வேலை முடிந்ததும் பூட்டலாம். கடைசி ஆறு மாதத்தில் உங்கள் ஆதார் எங்கெங்கே சரிபார்க்கப்பட்டது என்பதும் அங்கே தெரியும். சந்தேகம் இருந்தால் ஆதார் உதவி எண்ணான 1947-க்குப் பேசுங்கள். வீட்டு லீசுக்கும் வாடகை ஒப்பந்தத்துக்கும் ஆதார் ஜெராக்ஸ் கேட்டால், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள். உங்கள் பேன் எண்ணில் யாராவது கடன் வாங்கியிருக்கிறார்களா என்று பார்க்க, கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். தவறு இருந்தால் புகார் செய்த 30 நாளில் திருத்த வேண்டும். தாமதத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடும் உண்டு.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களுடைய போனில் இவற்றைப் பக்கத்தில் உட்கார்ந்து செய்து கொடுங்கள். அதோடு, இனி எந்த அலுவலகமாவது, கடையாவது, பேங்காவது ரேகையோ ஆதாரோ கேட்டால் மூன்று கேள்வி கேளுங்கள்: எதற்கு வேண்டும், யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்பீர்கள்? பதில் சொல்ல வேண்டியது அவர்கள் கடமை. எவ்வளவு பேர் அந்தக் கேள்விகளைக் கேட்கிறோமோ, அவ்வளவு தூரம் சட்டம் காகிதத்திலிருந்து கவுண்டருக்கு வரும்.